1960 முன்னாடியா, 1968 முன்னாடியா?

சனிக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டை கல்யாண வரவேற்புல, பாட்டுக் கச்சேரியில நடந்ததை வந்திருந்தவங்க எல்லாம் பார்த்தீங்க. பாடினவங்களை நான் குறையே சொல்லல, ரெண்டு பேரும் உயிரைக் கொடுத்துப் பாடினாங்க. மைக் பிடிச்சவர் சொன்னதுதான் இன்னும் முள்ளா குத்துது. நான் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்ட பாட்டு 'கண்களும் கவிபாடுதே'. அவர் சொல்றார், "இந்தியில 'படோசன்'ல வர்ற 'ஏக் சதுர் நார்' பாட்டைப் பார்த்து நம்மாளுங்க அடிச்ச காப்பி!" கூட்டமே சிரிச்சுது. பக்கத்துல இருந்த என் மச்சானும் சிரிச்சார்.

நான் கேட்ட பாட்டு வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' 1960. 'படோசன்' 1968. எட்டு வருஷம் கழிச்சு வரப்போற படத்தைப் பார்த்து எப்படிய்யா காப்பியடிப்பாங்க?

அவர் கீழே இறங்கினதும் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். "விடுங்க சார், இப்ப யாரு அதெல்லாம் பாக்குறாங்க"ன்னுட்டுப் போயிட்டார்.

நான் பாக்குறேன். அன்னைக்கு ராத்திரி கடலூர் வந்து சட்டையைக்கூட மாத்தாம உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். முழுசாப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பாடத் தெரியாத டி.ஆர்.ராமச்சந்திரன், அடுத்த வீட்டு அஞ்சலிதேவிக்காக வாயை மட்டும் அசைக்கிறார். குரல் கொடுக்கிறது மறைஞ்சிருக்கிற தங்கவேலு. ராமச்சந்திரனோட அந்த முட்டைக் கண்ணுல காதலும் இருக்கு, மாட்டிக்குவோமோங்கிற பயமும் இருக்கு. சின்ன வயசுல சிரிச்சுட்டுப் போயிட்டேன். இப்பத்தான் தெரியுது, அது எவ்வளவு கஷ்டமான நடிப்புன்னு.

எங்க வீட்டுல அது விளையாட்டு. மஞ்சக்குப்பம் வீட்டுல அப்பா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அதே படத்துல வர்ற 'கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே' பாடுவார். நான் அம்மா எதிர்ல நின்னு வாயசைப்பேன். வேணும்னே பாதியில நிறுத்திடுவார். நான் திறந்த வாயோட நிப்பேன். அம்மா புடைச்சிட்டிருந்த முறத்தைக் கீழே வச்சுட்டுச் சிரிப்பாங்க. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சுட்டுப் போனப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரிகள்ல, என் பையனை முன்னால நிறுத்தி அதே பாட்டு, அதே கதவு. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு.

"கதையே வங்காளத்துல இருந்து வந்ததுதானே"ன்னு ஒருத்தர் வருவீங்க. ஆமா. 1952ல வங்காளத்துல 'பாஷேர் பாரி', 1953ல தெலுங்குல 'பக்கிண்டி அம்மாயி', அதுலயும் அஞ்சலிதேவிதான். கதை நம்மளுதுன்னு நான் எங்க சொன்னேன்? 1968க்கு முன்னாடி 1960 வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க. "'ஏக் சதுர் நார்' பாடின கிஷோர் குமார் மாதிரி வருமா"ங்கிறவங்களுக்கு: அவர் பெரிய பாடகர், நானும் கேட்பேன். ஆனா ஆதிநாராயண ராவ் இசையில சீர்காழியும் திருச்சி லோகநாதனும் 'கண்களும் கவிபாடுதே'யைப் போட்டி போட்டுப் பாடினதை ஒருதரம் கேட்டுட்டு வந்து பேசுங்க. "ரெண்டும் நல்ல படம்தானே, விடுங்க"ங்கிறவங்களுக்குப் பதில் கிடையாது. அப்படிச் சொல்றது நியாயம் இல்ல, சோம்பேறித்தனம்.

இன்னொண்ணும் கேக்குறேன். அந்த 'படோசன்'ல இந்திச் சிரிப்பு நடிகர் மெஹ்மூத் போட்ட வேஷம் என்ன? குடுமி வச்சுக்கிட்டு இந்தியைக் கடிச்சுத் துப்புற 'பிள்ளை'ங்கிற பேர்ல ஒரு தென்னிந்திய வாத்தியார். நம்ம பேச்சை வச்சு நாடே சிரிச்ச படம் நமக்கு உசத்தி. நம்ம ஆளு நடிச்ச படம் காப்பி. தங்கவேலு யாரு? காரைக்கால்காரர்யா! புதுச்சேரி மாநிலத்து மண்ணு. அவர் படத்தைப் புதுச்சேரி மேடையிலயே ஏளனம் பண்ணி, புதுச்சேரிக்காரங்களே கை தட்டினா எனக்கு வலிக்காதா? எங்க அப்பா பாடின படம்யா அது.

நேத்து மச்சான் போன் பண்ணி, "ஒரு பாட்டுக்கா மாமா மூணு நாளா பேசாம இருக்கீங்க"ன்னார். ஒரு பாட்டுக்குத்தான். வைகாசியில சின்ன மச்சான் கல்யாணத்துக்கும் அதே குழுவைத்தான் பேசியிருக்காங்களாம். சீட்டு இப்பவே எழுதி வச்சுட்டேன். பாட்டுப் பேரு, படத்துப் பேரு, கீழே பெருசா 1960. அதை அவர் மைக்ல படிச்சப்புறம்தான் பந்தியில உட்காருவேன்.