போர்பனின் சுவை வருடக் கணக்கில் மட்டும் இல்லை

"போர்பன் விஸ்கி எத்தனை வருடம் பீப்பாயில் கிடந்ததோ அவ்வளவு ருசி, கிடங்கில் எங்கே வைத்தாலும் ஒன்றுதான்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

போர்பன் தயாராகும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில் பல கிடங்குகள் ஏழு மாடி உயரம், பெரும்பாலும் ஏசி கிடையாது. கோடையில் மேல்மாடி அனலாகக் கொதிக்கும், கீழ்த்தளம் குளுமையாக இருக்கும். சூட்டில் விஸ்கி விரிந்து, உள்பக்கம் கருக்கிய ஓக் மரத்துக்குள் புகுந்து, குளிர் வந்ததும் சுருங்கி வெளியேறும்போது வெனிலா, கேரமல் மணத்தையும் நிறத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. மேலே இது வேகமாக நடக்கும், தண்ணீரும் அதிகம் ஆவியாகும், அதனால் ஆல்கஹால் அளவு ஏறும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம், ஆனால் மேல்மாடிப் பீப்பாயைத் திறக்கும்போது அதைவிடக் கூடுதலாக இருப்பது சகஜம். கீழ்த்தளத்தில் குறையவும் செய்யலாம்.

இடம் முக்கியமில்லை என்றால் ஃபோர் ரோசஸ் என்ற போர்பன் நிறுவனம் ஏன் ஒற்றைத் தளக் கிடங்கு கட்ட வேண்டும்? எல்லாப் பீப்பாயும் ஒரே மாதிரி முதிரத்தான்.

அப்புறம், ஸ்காட்லாந்து விஸ்கியான ஸ்காட்சின் வருடக் கணக்கை இங்கே போடவே கூடாது. அங்கே பெரும்பாலும் பழைய பீப்பாய், குளிர்ந்த ஊர். போர்பனுக்குப் புது மரப் பீப்பாய் கட்டாயம், அதனால் சூடான மாடியில் ரொம்ப வருடம் விட்டால் மரக் கசப்புதான் மிஞ்சும். பாட்டிலில் அடைத்த பிறகு முதிர்வதும் கிடையாது.