ஆப்ஷன் போடுகிற பிள்ளைகளுக்கும் கூட வருகிற அப்பாக்களுக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. டிகிரி அட்மிஷனுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகள்தான் காரணம். கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலில் காலிகட் யுனிவர்சிட்டி அலாட்மென்ட், இன்னொரு ஜன்னலில் பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகள். எல்லைக்காரர்கள் இரண்டையும் போட்டு வைப்பது இங்கே வழக்கம்.

மார்க் குறைந்த பிள்ளைகளைப் பற்றி ஊரே கவலைப்படுகிறது. அதிகமாகத் திண்டாடுவது அவர்கள் இல்லை, எல்லாமே பிடித்த பிள்ளைகள்தான். மார்க் குறைந்தவனுக்குக் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடும் தெளிவாவது இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்த வருடம் வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். பிசிக்ஸில் நல்ல மார்க். பள்ளிக் கலோத்சவத்தில் (கலைவிழாவில்) தமிழ்ச் செய்யுள் சொல்லிப் பரிசு வாங்கியவள். அக்கம்பக்கத்து மிக்ஸியெல்லாம் அவள்தான் கழற்றி மாட்டுகிறாளாம். போதாததற்கு யூடியூபில் பார்த்துப் பார்த்து சைக்காலஜி மேல் ஒரு பைத்தியம். ஆப்ஷன்களை, அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்ப வரிசையை, நோட்டுத் தாளில் பென்சிலில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரியை அழித்து அழித்து எழுதியதில் தாள் அந்த இடத்தில் கிழிந்தே போயிருந்தது. “பிசிக்ஸ் முதல்ல போடுங்கண்ணா” என்றாள். நான் டைப் செய்வதற்குள், “இல்லண்ணா, இருங்க.” அப்பா, “ஏனுங்க தம்பி, இதுல எது சோறு போடும்?” என்று என்னைக் கேட்கிறார். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இரண்டு அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, ‘மனசுக்கு எது ரொம்பப் பிடிக்குதோ அதைப் படி.’ நாலும் பிடித்தவளிடம் இதைச் சொல்லி என்ன பயன்? இரண்டாவது, ‘கம்ப்யூட்டர் படி, கவலையில்லை.’ இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் தன் மகனையும் அதில் சேர்த்துவிட்டு, துணைக்கு ஆள் தேடுகிறவர்.

நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. உன் ஆசைகளில் எதற்குக் கல்லூரி கட்டாயம் வேண்டும்? எதை இப்போது விட்டால் பிறகு திரும்பி வர முடியாது?

எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரி எந்தப் பக்கமும் எப்போதும் போய்வரலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். படிப்பில் பல பாதைகள் ஒருவழிதான். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர் மூன்று வருட சட்டப் படிப்பில் சேரலாம், எம்.பி.ஏ. படிக்கலாம், பத்திரிகைத் துறைக்குப் போகலாம், யு.பி.எஸ்.சி. எழுதலாம். சிவில் சர்வீஸ் மெயினில் டிகிரிக்குச் சம்பந்தமில்லாத விருப்பப் பாடத்தைக்கூட எடுக்கலாம், தமிழ் இலக்கியம் உட்பட. ஆனால் பி.ஏ. முடித்துவிட்டு எம்.எஸ்சி. பிசிக்ஸ் கேட்டால் பெரும்பாலும் கதவு திறக்காது. பி.ஆர்க்., நர்சிங், மருத்துவம் எல்லாம் பிளஸ் டூ பாடங்களைப் பார்த்தே உள்ளே விடுகின்றன. கணக்கை அவசரப்பட்டு உதறாதீர்கள் என்று நான் நச்சரிப்பதும் இதனால்தான். பின்னாளில் எம்.சி.ஏ., புள்ளியியல் என்று ஆசை வந்தால் பல இடங்களில் முதலில் கேட்பது அதைத்தான்.

“அப்போ எல்லாரும் சயன்ஸ் எடுக்கணும்னு சொல்றீங்களா?” என்று கமெண்டில் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இல்லை. கதவு திறந்திருக்கிறது என்பதற்காகப் பிடிக்காத வீட்டுக்குள் மூன்று வருடம் யாரும் குடியிருக்க முடியாது. அதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. யுனிவர்சிட்டி தளத்தில் சிலபஸ் கிடைக்கும். முதல் செமஸ்டரைப் பார்க்காதீர்கள், அது எல்லாப் பாடத்திலும் மணக்கத்தான் செய்யும். ஐந்தாம் செமஸ்டரைத் திறந்து, அதிலிருக்கும் வறண்ட பகுதியைப் படித்துப் பாருங்கள். சைக்காலஜி என்றால் மனிதர்களைப் பற்றிய கதை என்று நினைத்து வருகிறவர்களுக்கு அங்கே புள்ளியியலும் ஆய்வு முறையும் காத்திருக்கும். தமிழ் என்றால் கவிதை என்று வருகிறவர்களுக்குத் தொல்காப்பியமும் யாப்பிலக்கணமும் உண்டு. அந்த வறட்சியையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிற பாடம்தான் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். மற்றவை கூடவே வரட்டும்.

கூடவே வருமா என்று கேட்டால், இப்போது கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையில் நான்கு வருட டிகிரி வந்தது. மேஜரோடு மைனரும் (துணையாக இன்னொரு பாடமும்) படிக்கலாம். மூன்றாம் வருட முடிவில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், நான்காவதும் படித்தால் ஹானர்ஸ். இரண்டாம் செமஸ்டர் முடிந்ததும் மேஜரை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, இடம் காலியாக இருந்தால். அந்த ‘இருந்தால்’ பெரிய இருந்தால். நாலே துறை உள்ள கல்லூரியில் மைனர் என்பது அந்த நாலுக்குள்தான். புரோஷரில் இருக்கும் பட்டியலை நம்பாமல், சேருவதற்கு முன்பே துறையில் போய், “இந்த மேஜருக்கு இந்த மைனர் நிஜமாகவே கொடுக்கிறீர்களா, டைம்டேபிள் இடிக்காதா?” என்று கேட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மூன்று வருடம், மேஜரோடு அல்லைடு என்கிற துணைப் பாடங்கள். பிசிக்ஸ் என்றால் கணக்கும் கெமிஸ்ட்ரியும் என்று ஏறக்குறைய முன்பே முடிவாகியிருக்கும், பிள்ளையின் இஷ்டத்துக்கு இடம் குறைவு. ஆனால் ஆசிரியர் தமிழில் விளக்குவார். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயமா? புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், யோசிப்பது தமிழில் என்று முதல் வருடம் திணறி, பாடமே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மேஜரை மட்டும் யோசிக்காமல் அது எந்த வகுப்பறையில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். (அங்கே போனால் தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கிடைக்குமா என்று மாதம் பத்து பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத்தான் அது. நம் பிள்ளைகளுக்கு இல்லை.)

தமிழையே மேஜராக எடுக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். இந்தப் பகுதியில் அப்படிச் சுளிக்கத் தேவையில்லை. 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழில் பி.ஏ.வும் எம்.ஏ.வும் இருக்கின்றன. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கும்வரை அவற்றுக்கு ஆசிரியர் வேண்டும், கேரள அரசுப் பணித் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) அதற்குத் தனியாகத் தேர்வு நடத்துகிறது. தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்குரிய ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும். அந்தக் கணக்கையும் போட்டுவிட்டு எடுங்கள்.

உயிரியலும் கணக்கும் ஒருசேரப் பிடித்த பிள்ளைகள் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். திருவனந்தபுரம் பக்கம் விதுரையில் ஒன்று, ஆந்திராவில் திருப்பதியில் ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் சேர்ந்தவுடன் மேஜர் கேட்க மாட்டார்கள். ஆரம்பத்தில் நாலு அறிவியல் பாடங்களையும் படித்துப் பார்த்த பிறகுதான் தேர்வு. நுழைவுத் தேர்வு கடினம்தான், அதற்கு பிளஸ் ஒன்னிலேயே தயாராக வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு என் கடையில் வந்து கேட்டுப் பயனில்லை.

நாலு ஆசை இருப்பது நோய் என்று நினைக்கும் அப்பாக்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். ஆலப்புழையில் 1855-இல் பிறந்த சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவர் பாடம் நடத்தியது தத்துவம். தமிழ்ப் பேராசிரியர் இல்லை. திருவிதாங்கூர் மன்னர்களின் கல்வெட்டுகளை ஆராய்ந்தார், அரசின் வருவாய்த் துறையிலும் வேலை பார்த்தார். இதற்கு நடுவில் அவர் எழுதிய நாடகத்தின் வாழ்த்துப் பாட்டைத்தான் இன்று தமிழ்நாடு முழுக்க எழுந்து நின்று பாடுகிறார்கள். அவருடைய மேஜர் தத்துவம்தான், மற்றதெல்லாம் மற்ற நேரத்தில் நடந்தது.

அந்தப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன். செய்யுளை வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், பிசிக்ஸ் லேபில் இருக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியே தீர வேண்டும் என்றால் சைக்காலஜி டிகிரியிலிருந்து தொடங்குவதுதான் நேரான வழி, மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் என்றால் அதற்கு டிகிரி வேண்டாம். அப்பாவிடம், பிசிக்ஸ் படித்தால் பி.எட். இருக்கிறது, பேங்க் பரீட்சை இருக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை என்றேன். இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பிசிக்ஸை முதலில் போடச் சொன்னார்கள்.

இன்னும் விண்ணப்பம் போடாதவர்களுக்கு ஒரு விஷயம். ஆப்ஷன் வரிசையைச் சும்மா போடாதீர்கள். மேலே உள்ள ஆப்ஷன் அடுத்த அலாட்மென்ட்டில் கிடைத்துவிட்டால் கையில் இருக்கும் கீழ் ஆப்ஷன் போய்விடும். கிடைத்த இடமே போதும் என்றால் மேலே மிச்சமிருக்கும் ஆப்ஷன்களை அப்போதே கேன்சல் செய்துவிட வேண்டும். ‘கிடக்கட்டும்’ என்று மேலே போட்டு வைத்த பாடத்தில் மாட்டிக்கொண்டு, கடைசித் தேதி அன்று என் கடையில் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. பாஸ்வேர்டையும் எங்காவது எழுதி வையுங்கள் கண்ணுகளா, அதை என்னிடம் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?