தட்டை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள்

ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாய் மெல்லும்போதே கடைவாயில் ‘கடக்’கென்று சத்தம். கல்தான் என்று நினைத்து விரலால் எடுத்துப் பார்த்தால், மரை தேய்ந்த ஒரு குட்டி ஸ்க்ரூ. நாக்கால் தடவினால் பல்லின் ஒரு மூலையைக் காணோம்.

மேனேஜர் ஓடி வந்தார். “மன்னிச்சிடுங்க, வேற தட்டு தரச் சொல்றேன், பில்லே வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே தட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு எழுத்தில் கேட்டபோது, “எங்கள் உணவில் அப்படி எதுவும் இல்லை” என்றார்கள். வக்கீல் கேட்ட முதல் கேள்வியே “பொருள் எங்கே?” என்பதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், கிடைத்த பொருளை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு கவரில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மீதி உணவு ஃப்ரீசரில் இருக்கட்டும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். இலவசம் என்று சொன்னாலும் வாங்குங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய், எதைக் கடித்ததால் பல் உடைந்தது என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அருவருப்புக்கு மட்டும் பெரிய இழப்பீடு கிடைப்பது அரிது. காயமும் செலவும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

“வாங்கியவர் நான் இல்லையே” என்று தயங்க வேண்டாம். 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனஹியூ குடித்த இஞ்சி பியரை வாங்கிக் கொடுத்தது அவருடைய தோழி. பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாகச் சொல்லி, தயாரித்தவர் மீதே வழக்குப் போட்டார். 1932-ல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில், கடைசியாக உட்கொள்பவர் மீதும் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்றது. நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது மட்டும் எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படவே இல்லை.

எலும்பு, முள், கொட்டை என்றால் விஷயம் கொஞ்சம் சிக்கல். கோழி உணவில் கோழி எலும்பு இருப்பது இயல்புதானே என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் 1936-ல் ஒரு வழக்கையே தள்ளுபடி செய்தது. சாப்பிடுபவர் அதை நியாயமாக எதிர்பார்த்திருப்பாரா என்று பார்க்கும் நீதிமன்றங்களும் உண்டு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஸ்க்ரூவுக்கு அந்த வாதமே கிடையாது. 7 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான கடினமான அல்லது கூரான பொருளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே ஆபத்தாகக் கருதுகிறது.

கேட்டால் “காசு பிடுங்கப் பார்க்கிறான்” என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தனையோ பேர் வாயை மூடிக்கொள்வது எனக்கு ஆறவே இல்லை. உடைந்தது நம் பல், செலவழிவது நம் பணம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். “இத்துடன் முழுத் தீர்வு” என்று ஒரு தாளை நீட்டினால், சிகிச்சை முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மூலை உடைந்த அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததே நான்காவது மாதத்தில்தான்.