அரைவாசிச் சத்தத்துக்கு அரைவாசி விலை

(யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு போன் கடை. கரண்ட் இல்லை, வாசலில் ஜெனரேற்றர் அலறுகிறது. தங்கம் அன்ரி குடையை மடக்காமலே உள்ளே வருவதால், முன்னால் தொங்கிய போன் கவர்கள் நாலைந்தும் அவரோடு உள்ளே வருகின்றன. கல்லாவில் கோபி.)

அன்ரி: தம்பி, பிளேனுக்குள்ளே சத்தம் கேட்காமல் காதிலே மாட்டுவார்களாமே, அதில் ஒன்று காட்டும். விலை குறைந்ததாய். மகள் கனடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினவள், அது அவளின் சம்பளத்துக்குரிய சாமான்.

கோபி: எங்கே அன்ரி பயணம்?

அன்ரி: ரொறன்ரோ. மகளுக்குப் பிள்ளைப்பேறு. துபாயிலே மாறி, அங்கிருந்து மட்டும் 14 மணித்தியாலமாம். பலாலியிலே ஏறிச் சென்னைக்குப் போய் வந்ததற்கே எனக்குக் காது ஓய்ந்து போச்சு.

கோபி: அது காற்றாடிப் பிளேன், இரைச்சலும் அதிர்வும் இருக்கத்தான் செய்யும். இதைப் பாருங்கோ, 14,000.

அன்ரி: (கண்ணாடியை மாட்டி) பக்கத்துப் பெட்டியிலும் நொய்ஸ் கான்சலிங் என்றுதானே போட்டிருக்கு? அது 4,000. மிச்சப் பத்தாயிரமும் எதற்கு?

கோபி: அந்தப் பெட்டியின் மூலையிலே ஈ.என்.சி. என்று இருக்கு. அது நீங்கள் போனிலே கதைக்கும்போது உங்கட குரலை மற்றப் பக்கத்தில் இருப்பவருக்குத் துப்புரவாக்கிக் கொடுக்கிறது. உங்கட காதுக்கு ஒன்றும் செய்யாது. பிளேனுக்கு வேண்டியது ஏ.என்.சி.

அன்ரி: அப்ப நாலாயிரம் கொடுத்து மற்றவரின் காதுக்கு நான் வைத்தியம் பார்க்கிறதோ?

கோபி: கன பேர் அதைக் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போய், திரும்பி வந்து என்னோடு சண்டை.

அன்ரி: சரி, இது என்ன செய்யும்?

கோபி: காதைச் சுற்றி மெத்தை அடைப்பது ஒரு பங்கு. மற்றது இதிலுள்ள சின்ன மைக்குகளின் வேலை. வெளியிலே வருகிற சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலை ஒன்றை உள்ளே விடும். அது மேலே போனால் இது கீழே போகும், இரண்டும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை.

அன்ரி: எங்கட பிரதேச சபைக் கூட்டம் மாதிரி.

கோபி: (சிரிக்காமல், ஏனென்றால் அவனுடைய சித்தப்பா உறுப்பினர்) 1978இலே அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தகப்பன் வங்காளம், சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பிளேனில் போகும்போது, அங்கே தந்த ஹெட்போனில் இரைச்சலுக்குள்ளே பாட்டு ஒழுங்காய்க் கேட்காத எரிச்சலில், சீற்றிலே இருந்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்த விசயம் இது.

அன்ரி: அவருடைய கம்பனிச் சாமான் இருக்கோ?

கோபி: எடுத்துத் தரலாம். இலட்சத்தைத் தாண்டும்.

அன்ரி: வேண்டாம், அது அவரின் கணக்கிலேயே இருக்கட்டும். இதைக் கொண்டு வாரும்.

(மாட்டுகிறார். கோபி பொத்தானை அமத்துகிறான்.)

அன்ரி: ஐயோ தம்பி, உம்முடைய ஜெனரேற்றர் நின்றிட்டுது!

கோபி: நிற்கவில்லை, வெளியிலே புகை போகிறதைப் பாருங்கோ. ஒரே சீராய் ஓடுகிற தடித்த இரைச்சலை இது நன்றாய்ப் பிடிக்கும். பிளேன் எஞ்சினும் அந்தச் சாதிதான்.

அன்ரி: ஆனால் நீர் கதைக்கிறது கேட்குதே?

கோபி: கேட்கும். குரல், பிள்ளை அழுகிற சத்தம் எல்லாம் கணத்துக்குக் கணம் மாறுகிறது, அதுக்கு இது ஈடு கொடுக்காது. இலட்ச ரூபாய்ச் சாமானிலும் குறையுமே தவிர முழுக்க நிற்காது.

(அன்ரி அதைக் கழற்றி மேசையில் வைக்கிறார்.)

அன்ரி: எஞ்சினாலே எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. பக்கத்து சீற்றிலே சம்பந்தி வாறா.

கோபி: ஓ.

அன்ரி: மருமகன் இரண்டு பேருக்கும் ஒன்றாய் ரிக்கெற் போட்டிட்டார். சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை, அதற்குள்ளே தன்னுடைய கலியாண வீட்டிலே யார் யார் சாப்பிடாமல் போனவை என்று பந்தி பந்தியாய்ச் சொல்லி முடித்தவ. அதுவும் எனக்கு அரைவாசிதான் விளங்கினது, பிளேன் இரைச்சல் புண்ணியத்திலே.

கோபி: அப்ப உண்மையைச் சொல்லவோ? இதைப் போட்டால் இரைச்சல் போய் மற்ற அரைவாசியும் விளங்கும்.

அன்ரி: காசும் கொடுத்து, தெளிவாயும் கேட்கிறதோ!

கோபி: பாட்டுப் போடுங்கோ. மெல்லப் போட்டாலே போதும், எஞ்சினை வெல்லச் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. காதுக்கும் அதுதான் நல்லம்.

அன்ரி: (கொஞ்சம் யோசித்து) இதை அவவுக்கு மாட்டிவிட்டால்? படம் பார்த்துக்கொண்டு வருவா.

கோபி: தாராளமாய். பிளேன் ரீவியோடு புளூரூத் அநேகமாய்ச் சேராது, பெட்டிக்குள்ளே வயர் இருக்கு. சில பிளேனிலே இரண்டு துளையிலே குத்த வேண்டும், அதற்கும் ஒரு பிளக் சும்மா தாறேன். சார்ச் இறங்கினால் வயரிலே பாட்டு வரும், ஆனால் இரைச்சல் திரும்பி வந்துவிடும். அப்புறம், பவர்பாங்க்கை மிளகாய்த்தூளோடு பெரிய பெட்டிக்குள்ளே வைக்காதேங்கோ, கைப்பையிலேதான் கொண்டுபோக வேண்டும்.

அன்ரி: நல்லது. அரைவாசிச் சத்தம்தானே போகிறது, அரைவாசி விலை. 7,000.

கோபி: அன்ரி!

(இந்த இடத்தில் கால்மணி நேரப் பேரம். கோபியின் தாயும் அன்ரியும் ஒன்றாய்ப் படித்தவர்கள் என்பது இடையிலே தெரிய வருகிறது. 12,500.)

கோபி: (பெட்டியைப் பையில் போட்டபடி) ஒன்று மட்டும் அன்ரி. இதைப் போட்டிருப்பவருக்குத் தன்னுடைய குரலே சரியாய்க் கேட்காது. கதைக்கத் தொடங்கினால் கத்தித்தான் கதைப்பினம்.

(காசு எண்ணிய கை நிற்கிறது.)

அன்ரி: காதுக்குள்ளே அடைக்கிற பஞ்சு ஏதும் விற்கிறீரோ?

கோபி: நுரையிலே செய்தது பார்மசியிலே இருக்கும், விலையும் கொஞ்சம்தான். அதைக் காதுக்குள்ளே வைத்து அதற்கு மேலே இதையும் நீங்களே போட்டால், குரலும் நல்லாய்க் குறையும்.

அன்ரி: அப்ப பார்மசிக்கு ஒருக்கால் ஓடிப்போய் அதையும் வாங்கி, பெட்டிக்குள்ளே வைத்துத் தாரும். எல்லாமாய் 12,000.