அப்பாவின் கண்ணாடி என் கைப்பையில் இருந்தது

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போன இரவு, சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினார். மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மிஷின், கைக்கடிகாரம். "உள்ளே இருந்தால் தொலைந்துவிடும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 11 நாட்கள் அந்த உறை என் கைப்பையிலேயே கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நுரையீரலில் தொற்று, அது ரத்தத்தில் பரவி செப்சிஸ், 6 நாள் வென்டிலேட்டர். தொண்டைக் குழாயை எடுத்த மறுநாள் அப்பா பிதற்றத் தொடங்கினார். 32 வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இரவு பஸ்ஸில் இருப்பதாகவும், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டதாகவும், யாரோ பணப்பையை இழுப்பதாகவும் சொன்னாராம். சலைன் ஊசியைப் பிடுங்கியதால் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மாலை 5 மணிக்கு ஒருவருக்கு மட்டும் 10 நிமிடம் அனுமதி. நான் போய் நின்றபோது, கட்டிய கையின் விரல்கள் நோட்டு எண்ணுவதுபோல அசைந்துகொண்டிருந்தன. என்னை அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியும் இல்லாமல், காதும் கேட்காமல் கிடப்பவருக்கு, முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கும் மகளை எப்படித் தெரியும்?

"ஐசியூவில் இது சகஜம், சரியாகிவிடும்" என்றார் பணியிலிருந்த மருத்துவர். சகஜம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதையும், அதைக் குறைக்க வழிகள் உண்டு என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா குலதெய்வத்துக்கு முடிந்துவைத்தார். நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். பல மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

மருத்துவத்தில் இதை டெலிரியம் என்கிறார்கள். காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து "ஜன்னி கண்டுவிட்டது" என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான். இது பைத்தியமும் அல்ல, முதுமை மறதியும் அல்ல. சிறுநீரகம் தடுமாறுவதைப் போல, கடும் நோயில் மூளையும் தடுமாறுகிறது. காலையில் தெளிவாக இருப்பவர் இரவில் குழம்புவார். கத்திக் கலாட்டா செய்பவரையாவது கவனிப்பார்கள். அசையாமல், பேசாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவருக்கும் இதே டெலிரியம் இருக்கலாம். அவரை "அமைதியாக இருக்கிறார்" என்று குறித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 2001இல் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி ஈலியும் அவருடைய குழுவும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போதெல்லாம் நோயாளி கையை அழுத்த வேண்டும். பிறகு, கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பது போன்ற கேள்விகள். தொண்டையில் குழாய் இருப்பவரும் தலையசைத்துப் பதில் சொல்லலாம். சில நிமிட வேலை.

அதே குழு 2013இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தீவிர சிகிச்சையில் இருந்த 821 பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 74 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் டெலிரியம் வந்திருக்கிறது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவரின் நினைவாற்றலும் சிந்தனையும் லேசான அல்சைமர் நோயாளியின் அளவில் இருந்தன. இளையவர்களும் அதில் உண்டு. டெலிரியம் எத்தனை அதிக நாள் நீடித்ததோ, பாதிப்பும் அத்தனை அதிகம். என் அப்பா ஓடுகிற பஸ்ஸில், ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறுபது பேருக்கு மனக்கணக்கில் சில்லறை கொடுத்தவர். வீடு திரும்பி எட்டு மாதம் ஆகிறது. பால்காரருக்குப் பணம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறார். "உயிர் பிழைத்தாரே, அது போதாதா" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். போதாது. பிழைத்து வந்த பிறகு அவர் எப்படி வாழ்கிறார் என்பதும் மருத்துவத்தின் கணக்கில் வர வேண்டும்.

மருந்து கொடுத்து இதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அப்பாவுக்கும் ஹாலோபெரிடால் கொடுத்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் டெலிரியம் கண்ட 566 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த மருந்துக்கும் வெறும் சலைனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2022இல் டென்மார்க் ஆய்வாளர்கள் தலைமையில் 1000 பேரிடம் செய்த ஆய்விலும், 90 நாளில் நோயாளிகள் மருத்துவமனைக்கு வெளியே உயிருடன் கழித்த நாட்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. மறுபக்கம், மயக்கத்தில் வைக்கத் தரும் மிடாசோலம், லோராசெபாம் போன்ற மருந்துகளே டெலிரியத்தைக் கூட்டுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. முடிந்தவரை வேறு மருந்துக்குப் போங்கள் என்று 2018ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது.

பிறகு எதுதான் உதவும்? பதில் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. 1999இல் ஷேரன் இனோயி என்ற மருத்துவர் யேல் பல்கலைக்கழகத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு இது. ஐசியூ அல்ல, சாதாரண வார்டு. கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிட்டார்கள், இன்று என்ன கிழமை என்று சொன்னார்கள், பேச்சுக் கொடுத்தார்கள், நடக்கவைத்தார்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், தூக்க மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பானம் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. இவற்றில் எதை ஒரு மகளால் செய்ய முடியாது?

ஆனால் மகளை உள்ளே விட மாட்டார்கள். கிருமி வரும் என்பார்கள், ஊழியர்களுக்குத் தொல்லை என்பார்கள். பிரேசிலில் 36 ஐசியூக்களில் இதையே சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தினர் நாளுக்கு 12 மணி நேரம் வரை உடன் இருக்கலாம், மற்றதில் வழக்கமான குறுகிய நேரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, நீண்ட நேரம் அனுமதித்த பிரிவில் 18.9 சதவீதம், மற்றதில் 20.1 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் எதிர்பார்த்தது வேறு. ஆனால் ஐசியூவில் தொற்றும் கூடவில்லை. ஊழியர்களின் பணிச்சோர்வும் கூடவில்லை. குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் குறைந்தன. கோவிட் காலத்தில் 14 நாடுகளில் 2088 நோயாளிகளைக் கவனித்த வேறோர் ஆய்வில், வீடியோ அழைப்பிலாவது குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு டெலிரியம் குறைவாக இருந்தது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கதவை மூடிவைக்கக் காட்டிய காரணங்கள் சோதனையில் நிற்கவில்லை என்பது தெரிகிறது.

நம் மருத்துவமனைகளின் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சிஸ்டர் நான்கு கட்டில்களைப் பார்த்துக்கொண்டு ஓடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அப்படி ஆள் பற்றாத இடத்தில்தான் கைகால் கழுவி, கவுன் போட்டு, ஓரமாக உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவைப்படுகிறார். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் 11 நாட்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டில் யாரேனும் உள்ளே இருந்தால் இவற்றைக் கேளுங்கள்: இன்று டெலிரியம் சோதனை செய்தீர்களா, மயக்க மருந்து என்ன, அதைக் குறைக்க முடியுமா, இரவில் தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைக்க முடியுமா. கண்ணாடியிலும் காது மிஷின் டப்பாவிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி உள்ளேயே கொடுங்கள். தொலைந்தால் தொலையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் உங்கள் மருத்துவமனையில் பார்வை நேரம் எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். தாராளமாக அனுமதிக்கும் இடம் இருந்தால், அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அப்பா இருந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்க்க வேண்டும்.