அரிசிப் பானை எந்தப் பக்கம் இருந்தது?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு. 1910 முதல் 1940 வரை கப்பலில் வந்த சீனர்களை அமெரிக்க அரசு அதிகாரிகள் அங்கே அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலில் எத்தனை படி, அரிசிப் பானை எந்தப் பக்கம் இருந்தது, அடுத்த வரிசையில் யார் குடியிருந்தார்கள் என்றெல்லாம் கேள்வி. ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் அப்பாவிடமும் இதையே கேட்பார்கள். பதில் ஒத்துப்போகவில்லையா, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாது என்று 1882-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பற்றிய தீயில் ஊரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோக, 'நான் இங்கேயே பிறந்தவன்' என்று சொல்லிக்கொள்ளப் பலருக்கு வழி பிறந்தது. குடிமகனின் பிள்ளை உள்ளே வரலாம் என்பதால், காசு கொடுத்து யாரோ ஒருவரின் மகனாகக் காகிதத்தில் மாறி வந்தவர்கள் ஏராளம். 'காகித மகன்கள்' என்றே பெயர். அந்தப் பொய்க் குடும்பத்தைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, கரை நெருங்கியதும் தாளைக் கடலில் போட்டுவிடுவார்களாம்.

அந்த விசாரணைக் கோப்புகள் இன்றும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்துச் சான் புரூனோவில், அமெரிக்க அரசின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதில் எத்தனையோ பேருடைய அப்பா பெயரே பொய்! நிஜப் பெயர் வீட்டுப் பெரியவர்களின் வாயில் மட்டும்தான் இருந்தது, அவர்களும் போலீஸ் வந்துவிடுமோ என்று பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் குடும்பங்களின் நிஜக் கதையைப் பேட்டி எடுத்துச் சேர்ப்பது அரசுக் காப்பகத்தால் ஆகிற காரியம் இல்லை. விசாரித்தவனிடமே போய் யார் உண்மை சொல்வார்கள்? பேரனோடு கதைப்புத்தகம் எடுக்கப் போகிற நூலகத்தில் என்றால் பாட்டி பேசுவார். நியூயார்க்கில் குவீன்ஸ் பொது நூலகமும் குவீன்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2010-இல் 'குவீன்ஸ் மெமரி' என்று தொடங்கி, அங்கே வாழும் மக்களின் பேச்சையும் வீட்டுப் புகைப்படங்களையும் சேர்த்து வருகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். பேட்டியை ஆங்கிலத்தில் எடுத்தால் பாதிக் கதை போய்விடும். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தின் தாய்ஷான் பக்கத்து ஆட்கள், அவர்கள் பேச்சே தனி. அதிலேயே பேசவிட்டு, அந்தக் குரலை அப்படியே வைக்க வேண்டும். 'நான் போன பிறகு வெளியிடுங்கள்' என்றால், சரி, காத்திருக்கட்டுமே.

சில குடும்பக் கல்லறைகளில் ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் பக்கத்திலேயே சீன எழுத்தில் சொந்தப் பெயரும் செதுக்கியிருக்கும். பூ வைக்க வருகிற பேத்திக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும்தான் படிக்கத் தெரியும்.