அந்த ‘ஒரு பக்தை’க்குப் பேர் இருக்கு

நம்ம திருவையாறு விழாவுக்குப் போட்ட மலர் புத்தகத்தைப் பத்தி ஏன் இன்னும் வாயைத் திறக்கலைன்னு மூணு நாளா இன்பாக்ஸ்ல கேக்குறீங்க. இதோ, திறந்துட்டேன்.

திருவையாறுக்கு விழா எடுத்தது தப்பே இல்ல. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறுன்னு அஞ்சு ஆறையும் படமாப் போட்டது அழகு. அசோகா அல்வாவுக்கு ஒரு முழுப் பக்கம், அதுவும் சரி, எனக்கும் நாக்கு இருக்கு. சிறப்பு விருந்தினர் படம் 11 இடத்துல. எண்ணினேன். ஆனா சங்கீத மேதை தியாகராஜர் சமாதிக்கு வந்தா, "ஒரு பக்தையின் முயற்சியால் கோயில் எழும்பியது"ன்னு ஒரே வரி. அந்த பக்தைக்குப் பேர் இல்லையா?

பெங்களூர் நாகரத்தினம்மாள். கர்நாடக சங்கீதப் பாடகி. 1847ல தியாகராஜர் மறைஞ்சு முக்கால் நூற்றாண்டு கழிச்சு, சமாதி பாழடைஞ்சு கிடக்குன்னு கேள்விப்பட்டு வந்தவங்க. சொந்தக் காசுல இடம் வாங்கி, கோயில் கட்டி, 1925ல குடமுழுக்கும் பண்ணினாங்க. அவங்க கட்டின இடத்துலயே, தியாகராஜருக்கு வருஷா வருஷம் பாடி அஞ்சலி செலுத்துற ஆராதனையில பொம்பளைங்க பாடக் கூடாதுன்னுட்டாங்க, அதை நடத்தின ஆம்பளைங்க. பெண்களைச் சேர்த்துக்கிட்டுத் தனியா ஆராதனை நடத்திக் காட்டினாங்க அம்மா. 1952ல கண்ணை மூடினதும் இதே ஊர்லதான். சமாதிகிட்ட சிலையா உட்கார்ந்திருக்காங்க. மலர்க்குழுவுல ஒருத்தர்கூடவா அந்தப் பக்கம் போனதில்ல?

"இடம் பத்தலம்மா"ங்கிறார் ஒரு அண்ணன். 11 படம்ணே.

"சாதியை இழுக்காதே"ன்னு இன்னொருத்தர். நான் எங்கங்க இழுத்தேன்? தேவதாசி மரபுல வந்தவங்கங்கிறதால பேரை எழுதக் கை கூசுச்சான்னு நான் கேக்கவே இல்லையே. சரி, இப்ப கேட்டுட்டேன்.

எங்க தாத்தா ஏழூர்த் திருவிழாவுல எங்க ஊர்ச் சாமி ஐயாறப்பர் பல்லக்கு தூக்கினவர். திருவையாறுல கிளம்பி பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம்னு சுத்தி வந்து, வலது தோள்ல எலுமிச்சம்பழம் மாதிரி காய்ச்சுப் போயிருக்கும். அந்தத் தோள்ல உட்கார்ந்துதான், திருவிழா முடிவுல பொம்மை சாமிக்குப் பூ போடுறதை நான் பாத்தேன். "தூக்குறவன் பேரு சாமிக்குத் தெரிஞ்சாப் போதும் பாப்பா"ம்பார். அப்ப பெருமையா இருந்துச்சு. இப்ப நினைச்சா கோவமா வருது. பல்லக்குப் படமும் மலர்ல இருக்கு, அட்டையிலயே. தூக்குறவங்க முகமே தெரியாம வெட்டிட்டாங்க.

அப்புறம் அந்தக் கமெண்ட். "ஊரை விட்டுப் போனவளுக்கு என்ன அக்கறை?" ஆமா, போனேன். 14 வருஷமாச்சு. சோத்துக்குத்தான் போனேன், ஊர் கசந்து போகல. ஒரு சித்திரையில ஏழூர்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்காம ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். உள்ளூர்லயே இருக்கிற நீங்க என்ன பண்ணினீங்க? விழாவுக்கு மறுநாள் படித்துறையில பந்தி போட்ட பிளாஸ்டிக் தட்டு மிதந்துச்சே, பாரம்பரியம் பேசின வாய் ஒண்ணாவது குனிஞ்சு அதைப் பொறுக்குச்சா? பொறுக்கினது ரெண்டு துப்புரவு அக்காங்க. அவங்க பேரு எனக்கும் தெரியாது, கேக்கவும் தோணலை. அதுவும் உறுத்துது.

வீட்டுல மலர் ரெண்டு கிடக்கு. ஒண்ணுல ‘ஒரு பக்தை’யை அடிச்சுட்டு மேல நீலப் பேனாவால நாகரத்தினம்மாள்னு எழுதி வெச்சிருக்காங்க எங்க அம்மா. இன்னொண்ணுல விருந்தினருக்கு நான் மீசை வரைஞ்சிருக்கேன். 11லயும்.